பள்ளிக் கொயருக்கு எந்த இசை?

கிறிஸ்துமஸ் விழாவுக்கு மேலைச் செவ்விசையில் ஏதாவது பாட வேண்டும் என்றதும் பல பள்ளிகள் முதலில் எடுப்பது ஹாண்டலின் 'ஹல்லேலூயா'வைத்தான். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, சபையே எழுந்து நிற்கும். ஆனால் 1742-இல் டப்ளினில் அந்தப் பாட்டு இடம்பெறும் 'மெசையா' அரங்கேறியபோது டெனரும் பேஸும் பாடியவர்கள் பேராலயங்களில் பாடிப் பழகிய பெரியவர்கள். சோப்ரானோ ஓரிடத்தில் ஒவ்வொரு சுரத்தையும் நீளமாகப் பிடித்தபடி படிப்படியாக மேல் ஜி வரை ஏற வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பலர் அந்த இடத்தில் கத்தத் தொடங்கிவிடுவார்கள். ஆண் குரல் இல்லாத பள்ளி சுருக்கப் பதிப்பை வாங்கிப் பாடினால், நான்கு குரல்களும் ஒன்றையொன்று துரத்தும் அழகே போய்விடும்.

பெரிய படைப்பை வெட்டிச் சுருக்கிப் பாடுவதைவிட, இளம் குரல்களுக்கும் பெண் குரல்களுக்கும் என்றே எழுதிய சிறிய படைப்பை முழுதாகப் பாடுவது மேல் என்பது என் உறுதியான எண்ணம். அப்படி எழுதியவர்கள் யாரும் சாமானியர்கள் இல்லை.

கொயர் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றால் இரண்டு வழிகள். ஒன்று, ஒரே மெட்டை ஒரு குழு தொடங்க, மற்றக் குழு சற்றுப் பின்னால் சேர்ந்துகொள்ளும் கேனன் வகை. தாமஸ் டாலிஸ் 16-ஆம் நூற்றாண்டில் எழுதிய கேனன் இன்றும் புதிதாகவே ஒலிக்கிறது. 'டோனா நோபிஸ் பாச்செம்' என்ற மூன்று குரல் கேனனையும் எடுக்கலாம். மொசார்ட் பெயரில் அது உலவினாலும் எழுதியவர் யாரென்று தெரியாது. இன்னொன்று, எல்லோரும் ஒரே குரலில் பாட, பியானோ தனி வழியில் போகும் பாட்டு. இதற்கு பெஞ்சமின் பிரிட்டனின் 'ஃப்ரைடே ஆஃப்டர்நூன்ஸ்' தொகுப்பைவிடச் சிறந்ததை நான் அறியேன். வேல்ஸில் ப்ரெஸ்டாட்டின் ஊரில் அவருடைய அண்ணன் தலைமையாசிரியராக இருந்த பள்ளியின் பிள்ளைகளுக்காக 1933-35-இல் எழுதிய பன்னிரண்டு பாட்டுகள். அங்கே பாட்டு வகுப்பு வெள்ளிக்கிழமை மதியம் என்பதால் அந்தப் பெயர். கடைசிப் பாட்டு மட்டும் கேனன். ஆகவே இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமென்றால் இந்தத் தொகுப்பிலிருந்து தொடங்குவேன். பக்திப் பாடல் வேண்டாம் என்று கேட்கும் பெற்றோர் உள்ள பள்ளிக்கும் இது பொருந்தும்.

பெண்கள் பள்ளிகளுக்குத்தான் கொடுத்துவைத்த நிலை. வெனிஸ் நகரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்த பியெட்டா இல்லத்தில் விவால்டி 1703-இல் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே பாடியவர்களும் வாசித்தவர்களும் பெண்களே. அவருடைய 'குளோரியா'வில் இரண்டு சோப்ரானோக்களுக்கான 'லவ்தாமூஸ் டே' என்ற பகுதியை இரண்டு குழுக்களாகப் பிரித்துப் பாடலாம். உற்சாகமான நடை, பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போகும். பெர்கொலேசி 1736-இல், தன் 26-ஆம் வயதில் இறப்பதற்குச் சற்று முன் எழுதிய 'ஸ்டாபாட் மாட்டர்' இதற்கு நேர் எதிர்த் திசை. முதல் பகுதியில் சோப்ரானோவும் ஆல்டோவும் அடுத்தடுத்த சுரங்களில் உரசி, விலகி, மறுபடி உரசிக்கொண்டே ஏறுகின்றன. தம்புராவோடு ஒரே சுருதியில் சேர்ந்து பாடியே பழகிய பிள்ளைகளின் காது இந்த உரசலைத் தவறென்று நினைத்துப் பக்கத்துக் குரலோடு போய் ஒட்டிக்கொள்ளும். முதல் சில வாரங்கள் ஆசிரியருக்குப் பொறுமை வேண்டும். ஆனால் தன் சுரத்தில் நின்றுகொண்டே அடுத்தவர் சுரத்தைக் கேட்கும் பழக்கத்தை இந்தச் சில நிமிட இசை கற்றுத் தருவதுபோல் வேறெதுவும் தராது. அலங்காரம் மிகுந்த மற்றப் பகுதிகள் தனிப் பாடகர்களுக்கானவை, அவற்றை விட்டுவிடலாம்.

இரண்டுக்கும் நடுவே நிற்பது ஃபொரேயின் 'மெஸ் பாஸ்'. 1881-இல் வில்லெர்வில் என்ற பிரெஞ்சுக் கடற்கரை ஊரில், மீனவர் சங்கத்துக்கு நிதி திரட்ட ஃபொரேயும் சக இசையமைப்பாளர் மெசஜேயும் சேர்ந்து எழுதிய திருப்பலி இசை இது. அங்கே பெண்கள் பாட, துணைக்கு இருந்தவை ஒரு ஹார்மோனியமும் ஒரு வயலினும்தான். ஃபொரே பிறகு தன் பகுதிகளைத் திருத்தி 1907-இல் வெளியிட்டார். முழுதும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். குரலை எங்கும் வதைக்காது. நல்ல பியானோ இல்லாத பள்ளியும் துணிந்து எடுக்கலாம்.

ஆண் பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை குரல் உடையும் காலம். அவர்களை "பேஸில் போய் நில்" என்று அனுப்பிவிடக் கூடாது. சோப்ரானோ, ஆல்டோ, ஆண் குரல் என்று மூன்றாக எழுதிய பதிப்பில் நடுத்தர உயரத்தில் சில சுரங்களுக்குள் பாடவிடுவதே நல்லது. சுருக்கப் பதிப்பை நான் ஒத்துக்கொள்ளும் ஒரே இடம் இது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் குரல் நிலைத்த பையன்கள் போதுமான அளவு இருந்தால் மொசார்ட்டின் 'ஆவே வேரும்' இருக்கிறது. 1791 ஜூனில், இறப்பதற்கு ஆறு மாதம் முன்பு, பாடன் ஊர்க் கொயர் ஆசிரியரான நண்பருக்காக எழுதியது. மொத்தம் 46 பார்கள்தான், சுரங்களும் எளிது. ஆனால் மெதுவாக, அடங்கிய குரலில், மூச்சு அறுபடாமல் பாட வேண்டும், நடுவே வேறு கட்டைக்கு நழுவித் திரும்பவும் வேண்டும். எளிது என்று நம்பி விழாவுக்கு மூன்று வாரம் முன்பு தொடங்கினால் தேறாது.

துணைக் கருவியே இல்லாமல் பாடும் ஆசை வந்தால் மெண்டல்சனின் 'எலியா'வில் தேவதூதர்கள் பாடும் மூன்று குரல் பகுதி அழகானது. சுருதி இறங்காமல் நிற்கத் தெரிந்த கொயருக்கு மட்டும்.

மொழியைப் பொறுத்தவரை ஜெர்மனைவிட லத்தீன் நமக்கு நெருக்கம். சுத்தமான உயிரொலிகள் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இயல்பாக வரும். சொல்லின் முதலில் வரும் எகரம் 'யெ' ஆவதையும், 'குளோரியா'வின் முதல் எழுத்து வன்மையாகிவிடுவதையும் மட்டும் திருத்த வேண்டும்.

எதை எடுத்தாலும், நகல் எடுக்கும் முன் ஆல்டோ வரியை மட்டும் தனியாகப் பாடிப் பாருங்கள். அது ஒரு மெட்டாக நின்றால் அந்தப் பிள்ளைகள் விரும்பிப் பாடுவார்கள். ஒரே சுரத்தை இடித்துக்கொண்டிருந்தால் மூன்றாம் நாளே சோப்ரானோவைப் பின்தொடர்வார்கள்.

விவால்டி முதல் ஃபொரே வரை மூல இசைக்கு உரிமைக் கட்டணம் இல்லை. 'கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி' போன்ற இணையதளங்களில் தேடினால் பல இலவசமாகவே கிடைக்கும். பிரிட்டன் 1976-இல் இறந்ததால் அவர் படைப்புகளுக்கு இந்தியச் சட்டப்படி 2036 முடியும்வரை காப்புரிமை உண்டு, பிரதிகளை வாங்கத்தான் வேண்டும். அந்தப் பணம் ஒதுக்க முடிந்த பள்ளிகள் அவர் 1942-இல் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்து திரும்பும் கப்பலில் எழுதத் தொடங்கிய 'எ செரிமனி ஆஃப் கேரல்ஸ்' பக்கம் போகலாம். ஹார்ப் இல்லாவிட்டால் பியானோ போதும். முதல் வருடம் 'தேர் இஸ் நோ ரோஸ்' மட்டும் பாடி, குரல்கள் ஒன்றையொன்று விரட்டும் 'திஸ் லிட்டில் பேப்' பகுதியை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.