கலைச்சொல்லுக்குச் சான்று தேடுவது எப்படி?

கேள்வி: மருத்துவ நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். கலைச்சொற்களுக்கு நம்பகமான சான்றுகளை இணையத்தில் தேட வழி சொல்லுங்கள்.

பதில்: தேடுபொறியில் சொல்லை இரட்டை மேற்கோள்குறிக்குள் இடுங்கள். மேம்பட்ட தேடலில் பிடிஎஃப் கோப்புகளை மட்டும் கேட்டால், பாடநூல்களும் ஆய்வேடுகளும் எளிதில் கிடைக்கும்.

தமிழுக்கு இன்னொரு கவனம் வேண்டும். ‘இரத்தக்குழாய்’, ‘இரத்தக் குழாய்’, ‘ரத்தக்குழாய்’ மூன்றையும் தனித்தனியே தேடுங்கள். ஒரே வடிவத்தோடு நின்றால் பல நூல்கள் தப்பிவிடும்.

சொல்லின் பழைய பொருளுக்கு, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத் தளம் வழியே அந்த அகராதியில் தேடலாம். புதிய சொற்களுக்குத் தமிழக அரசின் ‘சொற்குவை’ உதவும். இலங்கை வழக்குக்கு ‘நூலகம்’ மின்னூலகத்தை அவசியம் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தவர். அந்த மரபை விட்டுவிடக் கூடாது.

வருடிய பழைய நூல்களில் எழுத்துணரி (OCR) மென்பொருள் பிழையாகப் படித்திருக்கும். தேடலில் சிக்காவிட்டாலும் பொருளடக்கத்தைப் புரட்டுங்கள்.

முடிவுகளின் எண்ணிக்கையை நம்பாதீர்கள். ஒரே பட்டியலைப் பல தளங்கள் நகலெடுத்திருக்கலாம். துறை அறிந்தவர் எழுதிய முழு வாக்கியத்தில் சொல் பயின்று வந்தால் அதுவே சான்று. நூல், ஆண்டு, பக்கம் மூன்றையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள்.