வாடகை வருமானத்துக்காக ஊர் மாறப் போறீங்களா? கோயம்புத்தூரை வைத்து ஒரு முழுக் கணக்கு



"சென்னையில வீடு வாங்குறது நமக்கு எட்டாது. கோயம்புத்தூருக்கு மாறிட்டா, அங்க ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டு, அப்படியே ரெண்டு மூணா பெருக்கிடலாமே?" சமீப காலமா நிறைய பேர் இப்படிக் கேக்குறாங்க. ஐடி வேலையில இருக்குறவங்க, வீட்டிலிருந்து வேலை பார்க்குறவங்க, கொங்கு பக்கம் சொந்தம் இருக்குறவங்க, எல்லார் மனசுலயும் இந்தத் திட்டம் ஓடுது.

இது தப்பான யோசனை இல்லை. ஆனா இதுக்குள்ள இரண்டு முடிவுகள் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஊர் மாறுவது ஒண்ணு. முதலீட்டுக்கு வீடு வாங்குவது இன்னொண்ணு. இரண்டையும் தனித்தனியா கணக்குப் போடணும். ஒண்ணோட லாபத்தை இன்னொண்ணோட கணக்குல சேர்த்துட்டா, நஷ்டம் கண்ணுக்கே தெரியாது.

முதல் கணக்கு: ஊர் மாறுவதால் என்ன மிச்சம்?

சென்னையில 28,000 ரூபாய் வாடகை கொடுக்குறீங்க, கோவையில அதே அளவு வீடு 16,000 ரூபாய்க்குக் கிடைக்குதுன்னு வெச்சுக்குவோம். மாசம் 12,000 மிச்சம். இது வீடு வாங்காமலே கிடைக்கும் லாபம். இதை வாடகை முதலீட்டின் வருமானமா நினைச்சுடாதீங்க.

இதிலிருந்து கழிக்க வேண்டியதும் இருக்கு. சாமான் ஏத்தி இறக்கும் செலவு, புது வீட்டு அட்வான்ஸ், பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளிக் கட்டணம், மனைவியோ கணவரோ வேலையை விட வேண்டியிருந்தால் அந்தச் சம்பளம். நிறுவனம் ஊருக்கு ஏத்த மாதிரி சம்பளத்தைக் குறைக்குமான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

பழைய வரி முறையில இருக்கீங்கன்னா இன்னொரு விஷயம். எச்ஆர்ஏ விலக்குக் கணக்குல சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்துல 50% வரை உச்சவரம்பு. கோவைக்கு 40% தான். புதிய வரி முறையில எச்ஆர்ஏ விலக்கே கிடையாது, அதனால அங்க இந்த வித்தியாசமும் இல்லை.

இரண்டாவது கணக்கு: வீடு நிஜமா என்ன தரும்?

50 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய ஃபிளாட், மாச வாடகை 15,000 ரூபாய்னு எடுத்துக்குவோம். இவை கணக்குக்காக நான் வைக்கும் எண்கள். நீங்க பார்க்கும் வீட்டின் எண்களைப் போட்டுப் பாருங்க.

வாங்கும்போது:
- விலை: 50,00,000
- முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, மொத்தம் 9%: 4,50,000
- புரோக்கர் கமிஷன் 1%: 50,000
- வக்கீல், லோன் செலவு, பெயிண்ட், சின்ன ரிப்பேர்: 1,00,000
- ஆக மொத்தம்: 56,00,000

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80% வரைதான் வங்கி தரலாம்ங்கறது ரிசர்வ் வங்கி விதி. அந்த மதிப்பில் பத்திரச் செலவு சேராது. ஆக 40 லட்சம் கடன், உங்க கைக்காசு 16 லட்சம். "20% போட்டா போதும், 10 லட்சம் இருக்கு"ன்னு கிளம்புறவங்க திணறுறது இந்த இடத்துலதான்.

ஒரு வருஷத்துக்கு:
- வாடகை, ஒரு மாசம் காலின்னு வைத்து 11 மாசம்: 1,65,000
- சொத்து வரி: 6,000
- ரிப்பேர், பெயிண்ட் சராசரி: 15,000
- கையில் நிற்பது: 1,44,000

56 லட்சத்துக்கு 1.44 லட்சம்னா 2.6%. விளம்பரத்துல சொல்ற 3.6%, முழு 12 மாச வாடகையை வெறும் விலையால் வகுத்து வர்ற எண்.

இப்போ கடன். 8.5% வட்டி, 20 வருஷம்னா இஎம்ஐ சுமார் 34,700. வருஷத்துக்கு 4.17 லட்சம். வாடகை போக, மாசம் சுமார் 22,700 ரூபாய் உங்க சம்பளத்திலிருந்து போகும். "வாடகையே இஎம்ஐ கட்டிடும்"னு யாராவது சொன்னா, இந்தக் கணக்கை அவங்க முன்னாடி வைங்க.

முதல் வருஷ வட்டி மட்டும் சுமார் 3.37 லட்சம். அதில் நிகர வாடகையைக் கழித்தால் 1.93 லட்சம். 16 லட்சத்தை 6.5% எஃப்டியில் போட்டிருந்தால் வந்திருக்கும் 1.04 லட்சத்தையும் சேர்த்தால் 2.97 லட்சம். அதாவது வீட்டு விலை வருஷம் ஏறக்குறைய 6% ஏறினால்தான், முதல் வருஷத்துல நீங்க லாபமும் இல்லாம நஷ்டமும் இல்லாம நிற்பீங்க. பத்திரம், கமிஷன்னு போன 6 லட்சம் இதுல சேரவே இல்லை. மூணு வருஷத்துல விற்றுட்டு சென்னைக்கே திரும்பணும்னா, அந்த 6 லட்சத்தை எடுக்க மட்டுமே விலை 12% ஏறியிருக்கணும்.

அதனாலதான் சொல்றேன்: அந்த ஊர்ல குறைஞ்சது 7 வருஷம் இருப்போம்னு உறுதியா தெரியாத வரைக்கும் இந்த முதலீடு வேண்டாம்.

வரிச் சலுகை எவ்வளவு காப்பாற்றும்?

வாடகை 1,65,000. நீங்க கட்டிய சொத்து வரி 6,000 கழித்தால் 1,59,000. இதில் 30% நிலையான கழிவு, 47,700. நீங்க ரிப்பேருக்கு எவ்வளவு செலவு பண்ணினாலும் இந்த 30% தான். பில் காட்டித் தனியா கழிக்க முடியாது. மீதி 1,11,300. இதிலிருந்து வட்டி 3.37 லட்சத்தைக் கழித்தால், சுமார் 2.26 லட்சம் நஷ்டம்.

பழைய முறையில் இந்த நஷ்டத்துல 2 லட்சம் வரை சம்பளத்தோடு கழிச்சுக்கலாம். மீதியை 8 வருஷம் வரை கொண்டு போய், வீட்டு வருமானத்தோடு கழிக்கலாம். 30% வரி கட்டுறவங்களுக்கு 62,400 ரூபாய் மிச்சம். புதிய முறையில் வாடகை வருமானத்தை வட்டி கரைச்சுடும், அதுக்கு வரி இல்லை. ஆனா மீதி நஷ்டத்தைச் சம்பளத்தோடு கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்கும் எடுத்துட்டுப் போக முடியாது. இன்னைக்கு நிறைய பேர் புதிய முறையில இருக்கீங்க. பழைய வீடியோக்களைப் பார்த்து "வட்டிக்கு வரிச்சலுகை இருக்கே"ன்னு நம்பி இறங்காதீங்க.

இன்னும் மூணு விஷயம்:
- விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1% டிடிஎஸ் பிடித்து நீங்கதான் கட்டணும். நம்ம உதாரணத்துல 50,000 ரூபாய். விற்பவர் என்ஆர்ஐ என்றால் 1% கிடையாது, விகிதம் ரொம்ப அதிகம். டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடியே இதைக் கேளுங்க.
- கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்கு 5% ஜிஎஸ்டி. 45 லட்சத்துக்குள், கோவை மாதிரி ஊரில் 90 சதுர மீட்டர் கார்ப்பெட் ஏரியாவுக்குள் இருந்தால் 1%. பணி நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை.
- 24 மாசத்துக்குள் விற்றால், லாபம் உங்க வருமானத்தோடு சேர்ந்து ஸ்லாப் விகிதத்தில் வரி. அதற்குப் பிறகு 12.5%.

முதல் 11 மாசம்: வாங்காதீங்க, குடியிருங்க

புது ஊருக்குப் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, முதலீடு செய்ய நினைக்கும் ஏரியாவிலேயே வாடகைக்குக் குடிபோவது. வாடகைக்கு இருக்குறவருக்குத் தெரியுற விஷயம் புரோக்கருக்குத் தெரிஞ்சாலும் சொல்ல மாட்டார்.

யார் குடி வர்றாங்கன்னு பாருங்க. சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம்னா ஐடி ஊழியர்களும் கல்லூரி மாணவர்களும். நிறுவனங்கள் வீட்டிலிருந்து வேலைன்னு சொன்னால் அங்க வீடுகள் காலியாகும். பீளமேட்டுல கல்லூரி, ஆஸ்பத்திரி, டைடல் பார்க் எல்லாம் கலந்து இருக்கு. ஒரு தொழில் சரிஞ்சாலும் இன்னொண்ணு தாங்கும். வடவள்ளி பக்கம் குடும்பங்களும் ஓய்வு பெற்றவங்களும் அதிகம். வந்தால் நீண்ட நாள் இருப்பாங்க.

தண்ணியைக் கேளுங்க. கோவையில வீடு பார்க்க வர்றவர் கேக்குற முதல் கேள்விகள்ல ஒண்ணு, "சிறுவாணித் தண்ணியா, பில்லூர்த் தண்ணியா, எத்தனை நாளைக்கு ஒரு தடவை விடுறாங்க?" போர் தண்ணி உப்புன்னா வாடகையும் குறையும், குழாய் ரிப்பேரும் கூடும். ஏப்ரல், மே மாசத்தை அங்கேயே கழிச்சுப் பார்த்தால்தான் இது தெரியும்.

அசோசியேஷன் விதிகளைப் படிங்க. பேச்சிலர்களுக்கு விடக்கூடாதுன்னு இருந்தால், ஐடி பார்க் பக்கத்துல வாங்கியும் பாதி வாடிக்கையாளர் போச்சு.

ஃபிளாட்டை மட்டுமே பார்க்காதீங்க. கோவை, திருப்பூர் பக்கம் லைன் வீடுகள் உண்டு. ஒரே மனையில் நாலஞ்சு சின்ன வீடுகள். போட்ட பணத்துக்கு வாடகை பெரும்பாலும் ஃபிளாட்டை விட அதிகம். ஒண்ணு காலியானாலும் மத்தது ஓடும். மனை முழுசும் உங்களுது. ஆனா மோட்டார், செப்டிக் டேங்க், கரண்டு பில் பஞ்சாயத்து எல்லாம் உங்க தலையிலதான். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மின் இணைப்பு இருக்கான்னு பார்க்காம விலை பேசாதீங்க.

வாங்க முடிவு பண்ணினால்

தமிழகப் பதிவுத்துறை இணையதளத்துல வழிகாட்டி மதிப்பும் வில்லங்க விவரமும் நீங்களே பார்க்கலாம். 30 வருஷ வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, டிடிசிபி அல்லது உள்ளாட்சி அனுமதி, புது ப்ராஜெக்ட் என்றால் ரெரா பதிவு எண், இவ்வளவும் வேணும். வில்லங்கச் சான்றில் பதிவான பரிவர்த்தனைகள்தான் வரும். பதிவாகாத பாகப் பிரச்சினையும் வழக்கும் அதில் தெரியணும்னு இல்லை. வங்கி வக்கீல் பார்த்துட்டார்னு விட்டுடாதீங்க. அவர் வங்கியின் கடனுக்குத்தான் பாதுகாப்புப் பார்க்கிறார். உங்க 16 லட்சத்துக்கு உங்க வக்கீல் தனியா வேணும்.

வாடகைக்கு விடும்போது எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யணும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொள்ளாத வரை, வீட்டுக்கு அட்வான்ஸ் 3 மாச வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அந்த அட்வான்ஸ் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். அதை எடுத்து இஎம்ஐ கட்டிடாதீங்க.

நீங்க தயாரா?

கோவையில உங்க குடும்பச் செலவு, வாடகையோடு சேர்த்து மாசம் 45,000ன்னு வெச்சுக்குவோம். இஎம்ஐ 35,000. மொத்தம் 80,000. ஆறு மாச அவசர நிதி 4.8 லட்சம். வீட்டுக்கு வேண்டிய 16 லட்சத்தோடு சேர்த்தால் 20.8 லட்சம். "கையில 20 லட்சம் இருக்கு சார்"னு சொல்றவர் இன்னும் தயாராகலை. வேலை போய், அதே மாசம் குடியிருந்தவரும் காலி பண்ணிட்டா, புது ஊர்ல கைமாத்து கேக்க ஆள் இருக்காது. நகையை அடகு வைக்க வேண்டி வரும். இல்லைன்னா அவசரத்துல அடிமாட்டு விலைக்கு வீட்டை விற்க வேண்டி வரும்.

கையில் வரும் சம்பளத்துல 20%க்குள் அந்த 22,700 அடங்கணும். அதாவது மாசம் சுமார் 1.14 லட்சமாவது கைக்கு வரணும். அடங்கலைன்னா, ஊர் மட்டும் மாறுங்க. மிச்சமாகும் 12,000த்தை மாசாமாசம் முதலீடு பண்ணுங்க. இரண்டு வருஷம் கழிச்சு, அந்த ஊர் உங்களுக்குப் பழகினதும், இதே கணக்கை மறுபடி போடுங்க. வீடுகள் எங்கேயும் ஓடிப் போயிடாது.

நீங்க பார்த்து வைத்திருக்கும் வீட்டின் விலை, வாடகை, வட்டி மூணையும் ஒரு தாளில் எழுதி, மேலே சொன்ன வரிசையிலேயே இன்னைக்குப் போட்டுப் பாருங்க. கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து போடுங்க. அடுத்த வீடியோவுல லைன் வீட்டுக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.