கண்ணாடி அணிந்த வாத்து எங்கே போயிற்று?

ரயில் நிலையத்தில் நிற்கும்போது விரைவு வண்டி ஊதிக்கொண்டே நம்மைக் கடந்து போவதைக் கேட்டிருப்பீர்கள். நெருங்கும்போது உயர்ந்திருந்த ஊதலின் சுருதி, விலகும்போது தாழ்ந்துவிடுகிறது. இதுதான் டாப்ளர் விளைவு. ஒரு வாத்தினத்தைப் பற்றிய நூறாண்டுப் புதிரை விடுவித்ததும் இதுவே.

கண்ணாடி ஈடர் என்பது கடலில் மூழ்கி இரை தேடும் வாத்து. ஆண் பறவையின் கண்களைச் சுற்றிக் கறுப்பு விளிம்பிட்ட வெள்ளை வட்டங்கள் உண்டு. மூக்குக் கண்ணாடி போட்டது போலவே இருக்கும். கோடையில் அலாஸ்காவிலும் ரஷ்யாவின் வடகோடியிலும் ஈர நிலங்களில் முட்டையிடும். குளிர்காலத்தில் எங்கே போகும்? யாருக்கும் தெரியவில்லை. இதற்கிடையே அலாஸ்காவின் யூகான்-கஸ்கோக்விம் கழிமுகத்தில் 1970களுக்கும் 1992க்கும் இடையில் இவை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்துபோயின. வேட்டைக்காரர்கள் சுட்டுச் சேற்றில் கிடந்த ஈயக் குண்டுகளை விழுங்கியது ஒரு காரணம். இருக்குமிடமே தெரியாத பறவையை எப்படிக் காப்பாற்றுவது?

ஆய்வாளர்கள் சில வாத்துகளின் உடலுக்குள் சிறிய அலைபரப்பிகளைப் பொருத்தினார்கள். செயற்கைக்கோள் மேலே கடந்து செல்கையில் அலையின் அதிர்வெண் எவ்வாறு மாறுகிறது என்று அளந்தால் இடம் புலப்படும். (இங்கே ஊதுவது ஏறக்குறைய நிற்கிறது, கேட்பது ஓடுகிறது!) 1995இல் பெரிங் கடலின் நடுவே, செயின்ட் லாரன்ஸ் தீவுக்குத் தெற்கிலிருந்து குறிப்பு வந்தது. விமானத்தில் போய்ப் பார்த்தால், உறைந்த கடலின் பிளவுகளில் வாத்துகள் பல்லாயிரக்கணக்கில் நெருக்கியடித்து மிதந்தன! உலகிலுள்ள இவ்வினம் அநேகமாக முழுவதும் அங்கேதான்.

அடித்தரையிலுள்ள மட்டிகளே அவற்றை அங்கே இழுக்கின்றன. ஆழம் 60 மீட்டர் என்று கொள்வோம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேலே உள்ள காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் 7. பாயில் விதிப்படி, இறகுகளுக்கிடையே உள்ள காற்றின் கன அளவு ஏழில் ஒரு பங்காகிவிடும். முதல் 10 மீட்டரிலேயே அது பாதியாகிறது. எனவே மிதப்பு விசையை எதிர்த்துப் போராடும் சிரமமெல்லாம் தொடக்கத்தில்தான். ஆனால் அந்தக் காற்றுதான் வாத்தின் கம்பளி! நீரோ உறைநிலையில், சுமார் -1.8 டிகிரி செல்சியஸில் இருக்கிறது.

ஆகவே மேலே வந்ததும் பனிக்கட்டியின் மீது ஏறி அமர்வது அதற்கு லாபம். வியப்பாக இருக்கிறதா? நீர், காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். மிதந்துகொண்டே இளைப்பாறினால் வெப்பம் வீணாகும். அதை ஈடுகட்ட மறுபடி மூழ்க வேண்டும். 2018ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பெரிங் கடலில் பனிக்கட்டிப் பரப்பு, அதுவரை பதிவானவற்றிலேயே மிகக் குறைவாக இருந்தது.