கமக்காரரின் தேவையறிந்து மென்பொருள் ஆக்குதல்

கமக்காரரைக் கேளாது ஆக்கப்படும் கைத்தொலைபேசி மென்பொருள், மண்ணை அறியாது இட்ட பசளையை ஒக்கும்; செலவு மிகும், பயன் குறையும். பொது அழைப்பு விடுத்துப் பலரிடமிருந்தும் கருத்தும் உழைப்பும் திரட்டும் முறை 'கிரவுட்சோர்சிங்' எனப்படும். 2006ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜெஃப் ஹவ் இப்பெயரை வழக்கிற்குக் கொணர்ந்தார். மென்பொருள் ஆக்குவோர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு வருமாறு:

1. கேட்டல்: “என்ன வசதி வேண்டும்?” என வினவுதல் போதாது. சென்ற போகத்தில் எவ்வேளையில் எத்தகவலின்றி இடர்ப்பட்டார் என வினவுக. எழுத இயலாதோர் குரலிற் பதிவு செய்ய வழி வேண்டும். விவசாயத் திணைக்களத்தின் 1920 தொலைபேசிச் சேவைக்கு வரும் வினாக்களும் தேவையைக் காட்டும்.

2. சேர்த்தல்: “மழை வருமா?”, “இன்று மருந்து தெளிக்கலாமா?” என்னும் இரண்டும் மழை முன்னறிவிப்பு என்ற ஒரே தேவையுள் அடங்கும்.

3. வரிசைப்படுத்தல்: நீண்ட பட்டியல் கமக்காரரைச் சலிப்பூட்டும். ஒருவருக்கு மூன்று தேவைகளை மட்டும் காட்டி, மிக வேண்டியது எது, குறைவாக வேண்டியது எது எனக் கேட்கலாம். நிக்கராகுவா, எதியோப்பியா, இந்தியா ஆகிய நாடுகளில் பயிரினங்களை ஒப்பிட இவ்வழி கையாளப்பட்டது. 12,409 நிலத்துண்டுகளின் முடிவுகள் 2019இல் வெளியாயின.

4. சீர்தூக்கல்: எண்ணிக்கை மட்டும் தீர்ப்பாகாது. இணையத் தொடர்பு எட்டாத ஊராரின் குரல் குறைவாகவே வந்துசேரும். அவர்களை நேரிற் கண்டு கேட்டு, தனியாகக் கணக்கிடுக. 2018இல் இந்நாட்டுச் சோளச் செய்கையிற் புகுந்த படைப்புழுவை இணையமின்றி இனங்காண வழி வேண்டுமெனப் பத்துப்பேரே கேட்பினும், அதனைத் தள்ளிவிடலாகாது.

5. அறிவித்தல்: ஏற்றவற்றையும், ஏலாதவற்றையும் காரணத்துடன் அறிவித்தல் வேண்டும். விடை பெறாத கமக்காரர் மறுமுறை வாய் திறவார்.