தன்னுருவமும் குலவரலாறும்

தன்னைத் தானே நிழற்படம் எடுத்தல் தற்பெருமையன்றோ எனச் சிலர் வினவுவர். லடோயா ரூபி ஃபிரேசியர் என்னும் கறுப்பின அமெரிக்கப் பெண்மணியின் படங்கள் இதற்குத் தக்க விடையாம்.

இவர் 1982-இல் பென்சில்வேனியா மாநிலத்துப் பிராடக் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். ஆண்ட்ரூ கார்னெகியின் எஃகாலை 1875-இல் தொழில் தொடங்கிய ஊர் அது. பிற்காலத்தில் அத்தொழில் சுருங்கவே பலர் குடிபெயர்ந்தனர். எஞ்சினோரை வறுமை வருத்திற்று. ஊர் வரலாறு முதலாளியைப் போற்றிற்று. கறுப்பின மாதரை மறந்தது.

அம்மறதிக்கு மாற்றாக, பாட்டி, தாய், தாம் என மூன்று தலைமுறைப் பெண்டிரை இவர் 2001 முதல் கறுப்பு வெள்ளைப் படங்களில் தீட்டினார். 2005-இல் எடுத்த ஒன்றில், தம்மை வளர்த்த பாட்டியுடன், அம்மூதாட்டி சேர்த்த பொம்மைகள் சூழ அமர்ந்துள்ளார். 2008-ஆம் ஆண்டுப் படத்திலோ, தாயின் பக்கமுகம் மகளின் முகத்திற் பாதியை மறைக்கின்றது. தாய் எங்கு முடிந்து மகள் எங்குத் தொடங்குகின்றாள் எனக் கண் தடுமாறும். தாயும் சிற்சில வேளை கருவியை ஏந்தி மகளைப் படமெடுத்தார். 2009-இல் பாட்டி மறைந்தார். 2010-இல் ஊர் மருத்துவமனையும் மூடப்பட்டது. 2014-இல் இப்படங்கள் நூல்வடிவம் பெற்றன.

தற்பெருமை தன்னையன்றிப் பிறரைக் காட்டாது. இவர் படங்களோ தம்முகத்திலேயே முன்னோரையும் காட்டுகின்றன. ஆதலின் அவை தற்புகழ்ச்சியல்ல. ஏட்டில் ஏறாத வாழ்வுக்குப் பேத்தி ஒருத்தி பகர்ந்த சான்றேயாம்.