சிரிப்புக்கும் கூலி உண்டா?

வேடமோ துணை நடிகரோ இன்றி, ஓர் ஒலிவாங்கியை மட்டுமே நம்பி மேடையேறிச் சிரிக்க வைக்கும் கலையே ‘ஸ்டேண்ட் அப் காமெடி’. இதனை வீட்டில் கண்ணாடி முன் நின்று கற்க இயலாது. முன்பின் அறியாதவர்கள் சிரிக்கிறார்களா என்பதே இதற்கான தேர்வு. ஆகவே, புதியவர்களுக்கு இடம் தரும் அரங்கமே இக்கலையின் பள்ளிக்கூடமாகிறது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 1972-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘தி காமெடி ஸ்டோர்’ அத்தகைய அரங்கமாகும். 1974 முதல் அதனை வழிநடத்தியவர் மிட்சி ஷோர் எனும் பெண்மணி. புதியவர்கள் பெயர் கொடுத்துக் காத்திருப்பர். வாய்ப்புப் பெறுவோருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். நேரம் முடியப் போவதை ஒரு சிறு விளக்கு உணர்த்தும். தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் மணியோசைக்கு அஞ்சிப் பழகிய எனக்கு இவ்வேற்பாடு அந்நியமாகத் தோன்றவில்லை. தேர்ச்சி பெற்றோரின் பெயர்கள் கட்டடத்தின் கறுப்புச் சுவரில் வெள்ளை எழுத்துகளில் தீட்டப்படும்.

காலப்போக்கில் அரங்கில் கூட்டம் நிரம்பியது. மதுக்கூடப் பணியாளருக்கும் பரிமாறுபவருக்கும் சம்பளம் உண்டு. சிரிக்க வைத்தவருக்கோ இல்லை. இது கற்கும் இடம், வேலையிடம் அன்று என்பது ஷோரின் வாதம். அவ்வாதத்தை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. அம்மேடையில் தோன்றியவர்களைத் தொலைக்காட்சி தேடி வந்தது உண்மையே. ஆனால், வாய்ப்பு வரும் வரை வாடகை கட்ட வேண்டுமே! 1979-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அங்கு வளர்ந்த ஜே லெனோ, டேவிட் லெட்டர்மேன் ஆகியோரும் ஆதரவு தந்தனர். ஏறத்தாழ 6 வாரங்களுக்குப் பின், ஒரு நிகழ்ச்சிக்கு 25 டாலர் என உடன்பாடு எட்டப்பட்டது.

தொகை சிறியதுதான். எனினும், கற்பவரின் உழைப்பும் உழைப்பே என்பதை அது நிலைநாட்டியது. பயிற்சிக்கும் பணிக்கும் இடையிலான எல்லையை நான் இவ்வாறு காண்கிறேன்: புதியவர் தம்மைச் சோதித்துப் பார்க்கும் இரவு பயிற்சி, அவரது பேச்சைக் கேட்கவே மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கும் இரவு பணி.

நண்பர்களே, பட்டம் பெற்றபின் நம்மில் சிலர் மேடையேறுவோம். சிலர் மேடை அமைப்போம். மேடையேறுபவர் கற்கத் தயங்க வேண்டாம். மேடை அமைப்பவர், “வாய்ப்புத் தந்தோமே” எனும் சொல்லால் கணக்கை முடித்துவிட வேண்டாம்.