செகண்ட் ஹேண்ட் ஏடிவி உழைக்குமா?

கேள்வி: தோப்பில் ஓட்ட ஒரு ஸ்போர்ட் ஏடிவி செகண்ட் ஹேண்டில் வருகிறது. நம்பி வாங்கலாமா?
– வாசகர், கொட்டாம்பட்டி

பதில்: பளபளப்பான பெயின்டை விடுங்கள், முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஃபில்டரைத் தாண்டி உட்பக்கக் குழாயிலும் செம்மண் தூசி படிந்திருந்தால் பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். நீங்கள் போகுமுன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருக்கிறார்களா? சந்தேகப்படுங்கள். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்தால்தான் சங்கதி தெரியும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. அடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்றால் பால் ஜாயிண்டோ பேரிங்கோ போய்விட்டது. அதையாவது மாற்றிக்கொள்ளலாம். ஃபிரேமில் ஒட்டு வெல்டிங் தெரிந்தால் பேரமே பேசாமல் திரும்பிவிடுங்கள்.

உங்களுக்கு வருவது யமஹா ராப்டர் 700 என்றால், அது பெயரெடுத்த வண்டிதான், 686 சிசி. ஆனால் உதிரிபாகம் மதுரையில் கிடைக்குமா என்று முன்பணம் கொடுக்குமுன் விசாரியுங்கள். ஆர்.சி. இல்லாத வண்டியைத் திருச்சி நான்குவழிச் சாலையில் ஏற்றவே கூடாது. இன்னொன்று: இந்த ஸ்போர்ட் ரகத்தில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே இழுவை, சாமான் வைக்கத் தட்டும் கிடையாது. உர மூட்டை ஏற்றுவதுதான் உத்தேசம் என்றால் பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் போன்ற வேலை ரகத்தைப் பாருங்கள்.